வாவிக்கரைக்கு வந்தவர்கள்: ஒரு திட்டமிடலின் வரலாறு

சர்வதேச இளைஞர் பரிமாற்றம் என்ற சொற்றொடர் நமக்கு நன்கு பழகிப்போன ஒன்று. ஒரு நாட்டின் இளைஞர்கள் சிலர் இன்னொரு நாட்டுக்குச் செல்வார்கள். சில வாரங்கள் தங்கி, மரக்கன்று நட்டு, பாடசாலைச் சுவருக்கு வர்ணம் பூசி, குழுவாகப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் முன்னதாக ஒருவர் தனியே பயணம் செய்து, ஊரைப் பார்த்து, ஊராரோடு பேசி, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அறிந்து சென்றிருப்பார். விழாவில் அவருக்கு மாலை விழுவதில்லை. ஆனால் அந்த முதற் பயணம் எப்படி அமைந்தது என்பதைப் பொறுத்தே பின்னால் நடக்கும் எல்லாம் அமையும். மட்டக்களப்பு வாவிக்கரையின் அண்மைக்கால வரலாற்றில் இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு.

அதற்குமுன் வெளியுலகைச் சற்றுப் பார்க்கலாம். முதலாம் உலகப் போர் முடிந்தபின், 1920இல், சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பொறியியலாளர் பியர் செரசோல் பிரான்சின் வெர்டன் போர்க்களத்துக்கு அருகே எஸ்ன் என்ற சிற்றூரில் ஒரு தொண்டர் முகாமை அமைத்தார். போரில் சிதைந்த ஊரை மீளக் கட்டும் பணியில் நேற்றுவரை எதிரிகளாக இருந்த நாடுகளின் இளைஞர்களும் கைகோத்தனர். ஜெர்மானியரும் அவர்களுள் இருந்தனர். சில மாதங்களில் உள்ளூர் எதிர்ப்புக் காரணமாக முகாமைக் கைவிட நேர்ந்தது. ஆயினும் சர்வதேசத் தன்னார்வத் தொண்டு இயக்கம் அங்கேதான் பிறந்தது. 1934 ஜனவரி 15இல் பீகாரைப் பூகம்பம் உலுக்கியது. காந்தியடிகளை 1931இல் சுவிற்சர்லாந்தில் சந்தித்திருந்த செரசோல் அதே ஆண்டில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். முதலில் நிலைமையை நேரில் அறிந்து, இராஜேந்திர பிரசாத் போன்ற உள்ளூர்த் தலைவர்களோடு கலந்து பேசினார். அதன் பின்னரே சில தோழர்களோடு மீண்டும் வந்து, வெள்ள அபாயமுள்ள இடங்களிலிருந்து கிராமங்களைப் பெயர்த்து அமைக்கும் வேலையில் இறங்கினார். எஸ்ன் கற்பித்த பாடத்தைப் பீகாரில் அவர் மறக்கவில்லை. ஊரார் ஏற்றுக்கொள்ளாத நல்லெண்ணம் ஊருக்குப் பயன்படாது என்பதே அந்தப் பாடம்.

மட்டக்களப்புக்கு வருவோம். வெளிநாட்டார் வந்து தங்கிப் பணியாற்றுவது வாவிக்கரைக்குப் புதிதன்று. 1814இல் மெதடிஸ்த மதகுரு வில்லியம் ஓல்ட் இங்கே வந்து பாடசாலைகளைத் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது. அடுத்த ஆண்டிலேயே ஓல்ட் காலமானார். இருநூறு ஆண்டுகள் கடந்தும் ஊர் அவரை மறக்கவில்லை. பின்னர் பிரெஞ்சு யேசுசபையினரும், இரண்டாம் உலகப் போரை அடுத்து அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாண யேசுசபையினரும் வந்தனர். புனித மிக்கேல் கல்லூரி மாணவர்களுக்கு விளையாட்டுப் பயிற்றுவித்த அருட்தந்தை வெபரின் பெயரை நகரின் மைதானம் தாங்கி நிற்கிறது. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் நாற்பதாண்டுக்கு மேல் பணியாற்றிய அருட்தந்தை யூஜின் ஹேபியர் 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன்வந்த தமிழ் இளைஞரோடு காணாமற்போனார். இருவரும் திரும்பவேயில்லை. இவர்களெல்லாம் பல்லாண்டு தங்கியவர்கள். ஊரின் சுகத்திலும் துக்கத்திலும் பங்கு கொண்டவர்கள். வெளிநாட்டார் ஒருவரை அளக்க மட்டக்களப்பு மக்களிடம் ஏற்கெனவே ஓர் அளவுகோல் இருந்தது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

1990ஆம் ஆண்டு இப்பிரதேசத்தைப் பிளந்துபோட்ட ஆண்டு. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். சில நாட்களில் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் படுகொலை செய்யப்பட்டனர். செப்டம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர் பலரை இராணுவத்தினர் கொண்டுசென்றனர். அவர்கள் மீளவில்லை. செப்டம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்படத் தமிழ்க் கிராமத்தவர் கொல்லப்பட்டனர். ஆறு வாரங்களுக்குள் இவ்வளவும் நடந்து முடிந்தன.

இந்தப் பிளவின் தன்மையை வெளியூர் வாசகர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். மட்டக்களப்புத் தமிழரும் முஸ்லிம்களும் பேசுவது ஒரே தமிழ். தாய்வழியாக வரும் குடிமுறை இரு சமூகத்தாருக்கும் பொது. ஆரையம்பதியும் காத்தான்குடியும், வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் ஒன்றையொன்று ஒட்டிய ஊர்கள். தமிழர் வயலும் முஸ்லிம்களின் வயலும் படுவான்கரையில் வரப்புப் பகிர்ந்து கிடந்தன. சந்தையில் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லி அழைத்தவர்கள் இவர்கள். 1990க்குப் பின் வளர்ந்த பிள்ளைகள் மற்ற ஊர்ப் பிள்ளைகளைக் காணாமலே வளர்ந்தனர். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத இரு கூட்டத்தார் பேசிக்கொள்ள வழியில்லாமல் இருந்தனர்.

இந்த நிலையில்தான், 1990களின் நடுப்பகுதியில், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் போரினால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் நிலையை இங்கே ஆராய்ந்தனர். ஆய்வுகள் பெரும்பாலும் அறிக்கையோடு முடிந்துவிடும். இது அப்படி முடியவில்லை. அதன் தொடர்ச்சியாகக் கனடியக் கலைஞர் போல் ஹோகன் மட்டக்களப்புக்கு வந்தார். ரொறன்ரோவில் உடற்குறைபாடுள்ள பிள்ளைகளும் ஏனைய பிள்ளைகளும் சேர்ந்து விளையாடிச் சித்திரமும் சிற்பமும் செய்யும் ஒரு தோட்டத்தை 1980களில் உருவாக்கிய அனுபவம் அவருக்கு இருந்தது. அந்தத் தோட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே நட்டிருந்தால் அது ஒரு பருவத்துக்குமேல் பிழைத்திருக்காது. ஹோகனுக்கு இங்கே வாய்த்த துணைவர் யேசுசபைத் துறவியும் உளவள ஆலோசகருமான அருட்தந்தை போல் சற்குணநாயகம். மண்ணையும் மக்களையும் அவர் அறிந்தவர். இருவரும் மற்றும் சிலரும் சேர்ந்து திட்டமிட்டதன் விளைவாக 1996இல் யேசுசபையினரின் நிலத்தில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா பிறந்தது.

பூங்காவின் ஏற்பாடு எளிமையானது. தமிழ்ப் பாடசாலைகளிலிருந்தும் முஸ்லிம் பாடசாலைகளிலிருந்தும் பிள்ளைகள் தெரிவு செய்யப்பட்டனர். பஸ் வண்டி ஊர்களுக்குச் சென்று அவர்களை ஏற்றி வந்தது. வாரத்தில் ஒரு நாள் என்று மாதக்கணக்கில் அவர்கள் வந்தனர். களிமண் பிசைந்தனர், வர்ணம் தீட்டினர், கதை சொன்னார்கள், கதை கேட்டார்கள், நாடகம் போட்டார்கள், விலங்குகளைப் பராமரித்தார்கள். சமாதானம் என்ற தலைப்பில் யாரும் அவர்களுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அவர்களை வழிநடத்தியவர்கள் உள்ளூர் இளைஞர், யுவதிகள். தமிழரும் முஸ்லிம்களுமான அவர்களிற் பலர் தாமே போரின் காயங்களைச் சுமந்தவர்கள். பிள்ளைகளுக்காக அமைந்த பூங்கா அந்த இளைஞர்களுக்கும் ஒரு பரிமாற்றக் களமாயிற்று.

வெளிநாட்டுத் தொண்டர் ஒருவரின் பயணத்தில் எது பயன் தருகிறது என்பதை இந்தத் திட்டமிடலிலிருந்து அறியலாம். முதலாவது, வந்தவர் தனியே முடிவெடுக்கவில்லை. மண்ணை அறிந்த ஒருவரோடு சமமாக அமர்ந்து முடிவெடுத்தார். இரண்டாவது, நீண்ட கால அளவு. ஒரு நாள் விழாவில் கைகுலுக்கிய பிள்ளை மறுநாள் பயத்துக்குத் திரும்பிவிடும். பல மாதம் பக்கத்தில் இருந்து களிமண் பிசைந்த பிள்ளைக்கு மற்றப் பிள்ளையின் பெயர் தெரியும், குணம் தெரியும், அழுகை தெரியும். மூன்றாவது, வேலையை ஊரவரின் கையிலே கொடுத்தது. ஹோகன் பின்னர் கம்போடியாவிலும் இதுபோன்ற பணியில் ஈடுபட்டார். அவர் இல்லாத நாட்களிலும் பூங்காவுக்குப் பஸ் ஓடியது என்பதே அவருடைய திட்டத்தின் வெற்றி.

இதற்கு மாறான காட்சியையும் நாம் கண்டோம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் காத்தான்குடிக் கரையையும் அழித்துச் சென்றபின், உலகத்தின் திசைகள் அனைத்திலுமிருந்தும் தொண்டர்கள் வந்து குவிந்தார்கள். அவர்களுடைய இரக்கத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு வாரம் தங்கி, மொழி தெரியாமல், முகாமிலிருந்த பிள்ளைகளைச் சுற்றி இருத்திப் பாட்டுப் பாடுவித்துப் படம் பிடித்துச் சென்றவர்களும் அவர்களுள் இருந்தார்கள். கடலில் தாயைப் பறிகொடுத்த ஒரு பிள்ளை தன் கதையை எத்தனை அந்நியருக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லும்? மாறாக, 2003 முதல் இலங்கையில் இயங்கிய ‘வன்முறையற்ற சமாதானப் படை’ வாழைச்சேனையிலும் ஒரு குழுவை நிறுத்தியிருந்தது. பல நாட்டவர் அடங்கிய அக்குழுவினர் ஊரிலே வசித்து, அச்சத்தில் இருந்தவர்களுக்குத் துணையாக நின்றனர்.

இன்று பாதைகள் திறந்திருக்கின்றன. 1924ஆம் ஆண்டின் பழைய கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதிய பாலம் வந்தது. படகுப்பாதையை நம்பியிருந்த மண்முனைத் துறையில் 2014இல் பாலம் அமைந்து எழுவான்கரையையும் படுவான்கரையையும் இணைத்தது. ஆயினும் 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு மறைக்கல்வி முடித்து நின்ற சிறுவர்கள் உட்பட முப்பது பேரளவில் மாண்டபோது, கட்டப்படாத பாலங்கள் எவை என்பது புலப்பட்டது. அதன்பின் மீண்டும் சில காலம் அயலூர்ச் சந்தைக்குப் போகவும் மக்கள் தயங்கினார்கள். 1996இல் பூங்காவுக்கு வந்த பிள்ளைகள் இப்போது பெற்றோராகும் வயதை அடைந்துவிட்டார்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு மற்ற ஊரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதே அந்தப் பழைய முயற்சிக்கான உண்மையான மதிப்பீடு.

இளைஞர் பரிமாற்றத்துக்குத் திட்டமிட நாளையும் வெளிநாட்டிலிருந்து தொண்டர்கள் வருவார்கள். புலம்பெயர்ந்த நம்மவர்களின் பிள்ளைகளும் அவர்களுள் இருப்பார்கள். வரட்டும், வாவிக்கரை விருந்தினரை வெறுத்ததில்லை. மட்டக்களப்பு இளைஞரை இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ அழைத்துச் செல்வது நல்ல காரியந்தான். ஆனால் விமானச் சீட்டுக்குக் கணக்குப் போடுமுன், காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் இடையே ஓடும் பஸ்ஸில் அவர்கள் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும். அந்தச் சிறிய தூரத்தை இங்குள்ள பிள்ளைகள் சேர்ந்து கடக்கிறார்களா என்று இரு ஊராரிடமும் கேட்க வேண்டும். பதிலைக் கேட்டபின் திட்டத்தை எழுதத் தொடங்கினாற் போதும்.