முடிவு வரும்வரை: ஹைதராபாத்தின் காத்திருப்பு வரலாறு

ஹைதராபாத்திலிருந்து மேற்படிப்புக்காகக் கடல் கடந்து போகும் வழக்கத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல் இருக்காது. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்துக் கிடக்கும் வழக்கத்துக்கும் அதே வயதுதான். முடிவு சொல்லும் இடம் காலந்தோறும் மாறியிருக்கிறது. முதலில் அது நிஜாமின் அரண்மனையாக இருந்தது. பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் குழுவானது. அதன் பின் தூதரகக் கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் அதிகாரியின் கைக்கு வந்தது. இந்த மாற்றங்களுக்கு நடுவே காத்திருப்பவர்கள் தங்கள் மனத்தைப் பிடித்து நிறுத்தக் கண்டுபிடித்த வழிகள்தான் இந்த நகரத்துக்கே உரியவை.

நிஜாம் ஆட்சியில் வெளிநாட்டுப் படிப்பு என்பது பெரும்பாலும் அரசு தரும் உதவித்தொகையை நம்பி இருந்தது. எடின்பரோவில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய அகோரநாத் சட்டோபாத்யாய் ஹைதராபாத்தில் நவீனக் கல்விக்கு வித்திட்டவர்களில் ஒருவர். நிஜாம் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அவருடைய மகள் சரோஜினி 12 வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். 1895இல், 16 வயதில், ஆறாம் நிஜாம் மஹபூப் அலிகான் அளித்த உதவித்தொகையில் இங்கிலாந்து சென்றார். லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியிலும் படித்தார். பின்னாளில் சரோஜினி நாயுடுவாக நாடறிந்தவர் அவர்.

அன்றைய காத்திருப்பு இருமடங்கானது. மனுவுக்கு அங்கே 'அர்ஸி' என்று பெயர், அரசாணைக்கு 'ஃபர்மான்'. அர்ஸி போய்ச் சேர்ந்து ஃபர்மான் வரும்வரை பிரபுக்களின் 'தேவ்டி' எனப்படும் மாளிகை வாசல்களில் நிற்க வேண்டும். அது முடிந்ததும் இங்கிலாந்துக் கல்லூரியின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். சூயஸ் கால்வாய் 1869இல் திறந்த பிறகும் கடிதம் போய்ச் சேர இரண்டு மூன்று வாரம் ஆனது. பதில் வர மறுபடியும் அவ்வளவு. பம்பாய்க்குத் தபால் கப்பல் வாரத்துக்கு ஒருமுறை. அங்கிருந்து வாடி சந்திப்பு வழியாக, 1874இல் திறந்த நிஜாம் ரயில் பாதையில் கடிதம் செகந்திராபாத் வந்து சேரும். இதில் ஓர் ஆறுதலும் இருந்ததாகவே தோன்றுகிறது. கப்பல் வராத நாளில் கடிதம் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். வாரத்தில் ஆறு நாள் நிம்மதியாக வேறு வேலை பார்க்கலாம்.

ஏழாம் நிஜாம் உஸ்மான் அலிகான் 1917இல் ஃபர்மான் பிறப்பித்து, மறு ஆண்டு உஸ்மானியா பல்கலைக்கழகத்தை நிறுவினார். உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பல்கலைக்கழகம் அது. அங்கே படித்து ஐரோப்பா போனவர்களில் முகம்மது ரஸியுத்தீன் சித்திகி குறிப்பிடத்தக்கவர். உருது வழியில் கணிதம் கற்ற அவர் கேம்பிரிட்ஜ் சென்றார். பிறகு ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் இயற்பியலாளர் ஹைசன்பர்க்கிடம் ஆய்வு செய்தார். திரும்பி வந்து உஸ்மானியாவிலேயே பணியாற்றினார்.

அந்நாளில் பயணம் முடிவானதும் செய்யும் ஒரு சடங்கு இன்றும் ஹைதராபாத் முஸ்லிம் வீடுகளில் உண்டு. ஒரு நாணயத்தைத் துணியில் முடிந்து, புறப்படுபவரின் வலது புஜத்தில் கட்டுவார்கள். 'இமாம் ஜாமின்' என்பது அதன் பெயர். ஊர் போய்ச் சேர்ந்ததும் முடிச்சை அவிழ்த்து அந்தக் காசை ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளையை அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்த சேதிக்காக வாரக்கணக்கில் காத்திருந்த தாய்க்கு அந்த முடிச்சே பிடிமானம்.

சுதந்திரத்துக்குப் பிறகு திசை மாறியது. 1950இல் இந்திய அமெரிக்க அரசுகள் கல்விப் பரிமாற்றத்துக்கான ஃபுல்பிரைட் ஒப்பந்தம் செய்தன. 1964இல் உஸ்மானியா வளாகத்திலேயே அமெரிக்கக் கல்வி ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி ஆசியர்களுக்கு இருந்த தடைகளை நீக்கியது. படிக்கப் போனவர் வேலை தேடிக்கொண்டு அங்கேயே தங்கலாம் என்ற நிலை வந்ததும், சேர்க்கைக் கடிதத்தின் எடை கூடிவிட்டது. ஒரு பட்டத்துக்கான அனுமதியாக இருந்தது ஒரு வாழ்க்கைக்கான அனுமதியாக ஆயிற்று. காத்திருப்பின் பதற்றம் இந்த இடத்தில்தான் பல மடங்காகப் பெருகியது.

அந்தத் தலைமுறையின் காத்திருப்பு தபால்காரரைச் சுற்றியே நடந்தது. உறையைத் திறக்காமலே முடிவைச் சொல்லிவிடுவார்கள். தடித்த உறை என்றால் உள்ளே படிவங்கள் இருக்கின்றன, இடம் கிடைத்துவிட்டது. மெல்லிய உறை என்றால் ஒற்றைத் தாள், வருத்தம் தெரிவிக்கும் கடிதம். இடம் கிடைத்தாலும் உதவித்தொகை இல்லாவிட்டால் பலர் போக முடியாது. நாட்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு இருந்ததால் ரிசர்வ் வங்கியின் அனுமதியும் வேண்டும். கையில் எட்டு டாலரோடு போய் இறங்கினோம் என்பது அக்காலத்தில் போனவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை.

பிறகு விசா. ஹைதராபாத்தில் அப்போது அமெரிக்கத் துணைத் தூதரகம் கிடையாது. சென்னைக்குத்தான் வர வேண்டும். நாம்பள்ளி நிலையத்தில் மாலையில் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை சென்ட்ரல். ஏறுவதற்கு முன் நிலையத்துக்குப் பக்கத்திலேயே உள்ள யூசுஃபைன் தர்காவில் வேண்டிக்கொள்வது மதம் கடந்த வழக்கம். ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி, 1969 முதல் தூதரகம் இயங்கிவரும் கட்டடத்தின் மதிலோரம் விடியுமுன் நீண்ட வரிசையைச் சென்னைக்காரர்கள் தினமும் பார்த்திருப்பார்கள். கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற அந்த இளைஞர்களில் கணிசமானோர் இரவு முழுக்க ரயிலில் வந்த தெலுங்குப் பிள்ளைகள். நேர்காணல் இரண்டு மூன்று நிமிடம். 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விண்ணப்பிப்பவர் அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கவே வருகிறார் என்று முதலில் கருதிக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிப்பது மாணவர் பொறுப்பு. மூன்று நிமிடத்தில் ஒருவர் தன் எண்ணத்தை எப்படி நிரூபிப்பார்? மறுக்கப்பட்டவர் அன்றிரவே அதே ரயிலில் திரும்புவார்.

எல்லோரும் ஒரே முடிவைத்தான் வேண்டினார்கள் என்று சொல்ல முடியாது. பேகம்பேட்டை ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூலில் படித்து, பின்னாளில் மைக்ரோசாஃப்டின் தலைமைப் பொறுப்பேற்ற சத்யா நாதெல்லா, 1988இல் தன் 21ஆம் பிறந்தநாளன்று அமெரிக்கா புறப்பட்டவர். தனக்கு விசா மறுக்கப்பட வேண்டும் என்று மனத்துக்குள் ஆசைப்பட்டதாகத் தன் நூலில் எழுதியிருக்கிறார். வீட்டாரின் ஆவலுக்கும் தன் விருப்பத்துக்கும் நடுவே காத்திருந்த பிள்ளைகள் அவரைப்போல் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பாரம் வேறு வகை.

இந்தக் காலகட்டத்தில்தான் சில்கூர் பாலாஜி கோயில் 'விசா பாலாஜி' ஆனது. ரங்காரெட்டி மாவட்டம் மொய்னாபாத் பகுதியில், நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், உஸ்மான் சாகர் ஏரிக்கரையோரச் சிற்றூர் சில்கூர். ஆண்டுதோறும் திருப்பதி போய்வந்த பக்தர் ஒருவர் நோயுற்றுப் போக முடியாமல் போனபோது, பெருமாளே கனவில் வந்து இந்த இடத்தைக் காட்டினார் என்பது தலபுராணம். வர முடியாதவனைத் தேடி வந்த தெய்வம் என்ற இந்தக் கதை, போக முடியாமல் தவித்த மாணவர்களை ஈர்த்ததில் வியப்பில்லை. 1980, 90களில் சென்னையில் விசா மறுக்கப்பட்ட சிலர் இங்கே வேண்டிக்கொண்டு மறுமுறை வெற்றி பெற்றார்கள் என்று பேச்சுப் பரவியது. கோயிலுக்குப் போகும் கண்டிப்பேட்டை வழியில் 1979இல் தொடங்கிய சைதன்ய பாரதி பொறியியல் கல்லூரி இருந்ததும் அந்தப் பேச்சுப் பரவத் தோதாக அமைந்தது.

இங்குள்ள முறை எளிது. வேண்டுதலின்போது 11 சுற்று. நிறைவேறினால் திரும்பி வந்து 108 சுற்று. கோயிலில் கிணறு தோண்டியபோது அர்ச்சகர் சுற்றிவந்து வேண்ட, பதினோராம் சுற்றில் நீர் கண்டதாகவும், நன்றியாக அவர் 108 சுற்றியதாகவும் இதற்குக் காரணம் சொல்வார்கள். நூற்றெட்டுக்குக் கணக்கு தவறக்கூடாது என்பதற்காக 1 முதல் 108 வரை கட்டமிட்ட சீட்டு ஒன்று உண்டு. ஒரு சுற்றுக்கு ஒரு கட்டம் என்று பென்சிலால் அடித்துக்கொண்டே வெறுங்காலுடன் வேக வேகமாக நடப்பார்கள். சின்னப் பிராகாரம், முன்னால் போகிறவர் முதுகும் பின்னால் வருகிறவர் மூச்சும் படுகிற நெருக்கம். உண்டியல் இல்லை, சிறப்புத் தரிசனச் சீட்டு இல்லை. அர்ச்சகர் சௌந்தரராஜனும் அவர் மகன் ரங்கராஜனும் இதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். கலெக்டர் மகனானாலும் ஆட்டோ ஓட்டுநர் மகளானாலும் ஒரே வரிசை. பணத்தால் விரைவுபடுத்த முடியாத ஒரு காத்திருப்புக்கு, பணம் செல்லாத ஒரு கோயில் பொருத்தமாக அமைந்தது.

சுற்றுவதால் அதிகாரியின் முடிவு மாறும் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. சுற்றுபவரின் நிலை மாறுவதற்கு விளக்கம் உண்டு. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழக உளவியலாளர் கேட் ஸ்வீனி, வழக்கறிஞர் தேர்வெழுதி நான்கு மாதம் முடிவுக்குக் காத்திருந்தவர்களை ஆராய்ந்தார். நல்லதையே நினைப்பது, மோசமானதற்குத் தயாராவது, நினைக்காமல் இருக்க முயல்வது ஆகிய வழிகள் பதற்றத்தைக் குறைப்பதில் பெரிதாக உதவவில்லை. தன்னை மறந்து ஒரு செயலில் மூழ்கும் பொழுதுகளில்தான் காத்திருப்பு இலகுவாகிறது என்பதை அவருடைய பிந்தைய ஆய்வுகள் காட்டின. எண்ணிக்கை தவறாமல் கூட்டத்தோடு நடப்பது அத்தகைய செயல். அதோடு, தன்னைப்போல் நூறு பேர் அதே தவிப்போடு பக்கத்தில் நடக்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்ப்பதும் சின்ன மருந்தல்ல.

1990களின் பிற்பகுதியில் அமீர்பேட்டை கணினிப் பயிற்சி மையங்களால் நிறைந்தது. தனியார் பொறியியல் கல்லூரிகள் பெருகின. விண்ணப்பிப்பவர் தொகை உயர உயரக் காத்திருப்பும் ஒரு தொழிலுக்கு முதலானது. காத்திருக்கவே வேண்டாம், விசாவுக்குத் தேவையான சேர்க்கைப் படிவமான ஐ-20ஐ உடனே வாங்கித் தருகிறோம் என்று சொன்னவர்களும் வந்தார்கள். கலிஃபோர்னியாவில் ட்ரை வேலி என்ற பெயரில் நடந்த போலிப் பல்கலைக்கழகம் 2011 ஜனவரியில் மூடப்பட்டபோது, அதில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் ஆந்திர மாணவர்கள். சிலர் கணுக்காலில் கண்காணிப்புப் பட்டை மாட்டப்பட்டு நின்ற காட்சி தெலுங்கு நாட்டை உலுக்கியது. நல்ல பல்கலைக்கழகம் எதுவும் விண்ணப்பித்த வாரத்தில் இடம் தருவதில்லை என்ற பாடத்தைப் பல குடும்பங்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றன.

அப்போதைய அமெரிக்க அதிபர் புஷ் 2006 மார்ச்சில் ஹைதராபாத் வந்தபோது அங்கே துணைத் தூதரகம் திறக்கப்படும் என்று அறிவித்தார். 2008இல் பேகம்பேட்டையின் பைகா மாளிகையில் அது தொடங்கியது. மறு ஆண்டு விசா வழங்கலானது. அர்ஸியோடு வாசலில் காத்திருந்த காலத்து மாளிகை, மறுபடியும் காத்திருப்போரின் மாளிகையானது. சார்மினார் எக்ஸ்பிரஸில் வரவேண்டிய தேவை முடிந்தது.

இன்றைய காத்திருப்பு நீளமானது, துண்டு துண்டானது. டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பம். பிப்ரவரி முதல் முடிவுகள். உதவித்தொகையோடு இடம் பெற்றவர் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் என்பது அமெரிக்கப் பட்ட மேற்படிப்புக் கல்லூரிகள் பல ஏற்றுக்கொண்ட நடைமுறை. அவர் விட்டுக்கொடுத்த இடம் அதன் பிறகுதான் காத்திருப்புப் பட்டியலில் உள்ளவருக்கு வரும். பிறகு ஐ-20, வங்கிக் கடன், விசா நேர்காணலுக்கான ஸ்லாட். கப்பல் நாளுக்காகக் காத்திருந்தவருக்கு இருந்த ஆறு நாள் நிம்மதி இப்போது கிடையாது. அமெரிக்காவில் பகல் தொடங்கும்போது இங்கே மாலை. ஆகவே அட்மிட்டும் ரிஜெக்டும் இரவில்தான் வரும். நள்ளிரவு இரண்டு மணிக்குப் போனை எடுத்துப் பார்ப்பது அந்த வயதுப் பிள்ளைகளின் வழக்கமாகிவிட்டது. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அவர்களில் 1,96,567 பேர் மேற்படிப்பு மாணவர்கள். சீனாவை முந்தி இந்தியா முதலிடம் பெற்ற ஆண்டு அது.

ஒழுங்காக நடக்கும் காத்திருப்பும் திடீரென்று அறுந்துபோவதுண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவால் விசா பணிகள் நின்றன. சில்கூர் கோயிலும் மூடப்பட்டது. வேண்டுதலுக்கும் வழியில்லாத வசந்தம் அது. 2025 மே இறுதியில் மாணவர் விசாவுக்கான புதிய நேர்காணல் பதிவுகள் மூன்று வாரம் நிறுத்தப்பட்டன. சமூக ஊடகக் கணக்குகளைப் பரிசோதிக்கும் விதிகளோடு மறுபடி தொடங்கின. இடம் கிடைத்து, கடனும் வாங்கிவிட்ட பிள்ளைகளுக்கு அந்த மூன்று வாரம் எவ்வளவு நீளம் என்பது வீட்டில் உடனிருந்தவர்களுக்குத் தெரியும். அத்தகைய நேரத்தில் கோயிலும் தர்காவும் தரும் ஆறுதல் போதாமல் தூக்கமும் சாப்பாடும் கெடும் பிள்ளைக்கு மருத்துவ உதவி தேட வீட்டார் தயங்கக் கூடாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவித் தொலைபேசி எண் 14416. தெலுங்கு, உருது, தமிழ் மூன்றிலும் பேசலாம்.

துணைத் தூதரகம் 2023 மார்ச்சில் நகரின் மேற்கே நானக்ராம்குடாவில் கட்டிய புதிய கட்டடத்துக்கு மாறியது. சில்கூரும் அதே மேற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நேர்காணலில் விசா கிடைத்த மாணவர் அவுட்டர் ரிங் ரோடு வழியாகப் போனால், ஒரு மணி நேரத்துக்குள் 108 கட்டச் சீட்டைக் கையில் வாங்கிவிடலாம்.