தவக்கால நற்செய்தி வாசகங்கள் – ஒரு வரலாற்றுப் பார்வை

ஆழ்வார்பேட்டையிலிருந்து மயிலாப்பூர் பக்கம் போகும் லஸ் சர்ச் சாலைக்குப் பெயர் கொடுத்தது அங்குள்ள லஸ் மாதா கோயில். 1516 என்ற ஆண்டைக் காட்டும் கல்வெட்டு உள்ள இந்தப் போர்த்துகீசியர் கோயிலைக் காட்டுக் கோயில் என்றும் மக்கள் சொல்வார்கள். கச்சேரி சாலை வழியாக இன்னும் கிழக்கே போனால் சாந்தோம் பேராலயம். இந்த வட்டாரத்தில் கிறிஸ்தவர்கள் சுமார் ஐந்நூறு ஆண்டுகளாகத் தவக்காலம் அனுசரிக்கிறார்கள். ஆனால் கத்தோலிக்கப் பூசையில் தவக்கால நற்செய்தியைப் பீடத்திலிருந்தே தமிழில் கேட்கும் வழக்கம் 1960-களில்தான் வந்தது.

சாம்பல் புதனில் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிட்டு, உயிர்ப்புப் பெருவிழா வரை உள்ள 40 நாட்களே தவக்காலம். இயேசு பாலைவனத்தில் 40 நாள் நோன்பிருந்ததன் நினைவு இது. முந்தைய தலைமுறைக் கத்தோலிக்கர்கள் இதைத் தபசுகாலம் என்றும், சாம்பல் புதனை விபூதிப் புதன் என்றும் சொன்னார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் லெந்து நாட்கள் என்பார்கள்.

தமிழில் நூல்கள் இல்லாததால்தான் லத்தீனில் வாசித்தார்களா? இல்லை. 1578-லேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழில் அச்சானது. 1715-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். ஆனால் 1570-ல் ரோமாபுரி வெளியிட்ட பூசைப் புத்தகம் லத்தீனில் இருந்தது. உலகின் பெரும்பாலான இடங்களில் அதையே பின்பற்றினார்கள். குருவானவர் பிரசங்கத்தில் தமிழில் விளக்குவார். பூசை வாசகம் மட்டும் லத்தீன்.

மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. சிலுவைப்பாதை, பாஸ்கு நாடகம் என்று தங்களுக்குப் புரியும் வழிகளில் கிறிஸ்துவின் பாடுகளைத் தியானித்தார்கள். கடல் கடந்து இலங்கையில், கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676-1742) எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் உருக்கமான ராகத்தில் வாசிக்கப்பட்டது.

1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடம் கொடுத்தது. 1969-ல் புதிய வாசக ஒழுங்கு வந்தது. இதில் மொழியைத் தவிர இன்னொரு மாற்றமும் இருந்தது. சமாரியப் பெண், பிறவிக் குருடர், லாசர் ஆகிய மூன்று நற்செய்திகளும் ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவர்களுக்காக வாசிக்கப்பட்டவை. பழைய பூசைப் புத்தகத்தில் இவை வார நாட்களில் இருந்தன. புதிய ஒழுங்கில் மூன்றாண்டுச் சுழற்சியின் முதல் ஆண்டில் மூன்று ஞாயிறுகளுக்கு இவை வந்தன.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சமாரியப் பெண்ணின் கதையை எடுத்துக்கொள்வோம். யூதர்கள் சமாரியரோடு புழங்கமாட்டார்கள். அந்தப் பெண்ணிடம் இயேசு குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். தீண்டாமை நிலவிய தமிழ்நாட்டில் இதற்குப் பொருள் சொல்லத் தேவையில்லை. ஆனால் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு பிரிவுகள் இருந்தன. நடுவில் சுவர். 1910-ல் அது இடிக்கப்படும் வரை, இந்த நற்செய்திக்குரிய நாள் தவக்காலத்து மூன்றாம் வார வெள்ளிக்கிழமை. வாசித்த மொழி லத்தீன்.

இன்று நிலைமை வேறு. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உருவாக்கிய ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பு 1995-ல் வெளிவந்தது. நல்ல எளிய தமிழ். கோயிலுக்குப் போகாதவர்கூட வீட்டில் வாசித்து யோசிக்கலாம். சுவிசேஷம் என்ற சொல்லின் இடத்தில் நற்செய்தி வந்தது.

ஆனாலும் கிறிஸ்தவக் கல்லறைகளில் சாதிவாரியாக இடம் பிரிக்கும் வழக்கம் தமிழ்நாட்டின் சில ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. லத்தீன் காலத்தில் வாசகம் மக்களுக்குப் புரியவில்லை என்றாவது சொல்லலாம். இப்போது கிணற்றடியில் நடந்த அந்த உரையாடல் ஞாயிற்றுக்கிழமை அன்று, கோயில் நிறைந்திருக்கும் நேரத்தில், தமிழிலேயே வாசிக்கப்படுகிறது. புரியவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.