மினிமம் பேலன்ஸ் அபராதம்: உங்க கணக்கு மைனஸில் போகலாமா?

வேலை மாறி ஆறு மாசம் ஆச்சு. பழைய சம்பளக் கணக்கைத் திறந்து பார்த்தால் பேலன்ஸ் மைனஸ்! சம்பளம் வருவது நின்றதும் அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடும். மினிமம் பேலன்ஸ் விதியும் சத்தமில்லாமல் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆனால், இந்த அபராதத்தால் மட்டுமே ஒரு சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. 2015 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி இது. முதலில் எஸ்எம்எஸ், இ-மெயில் அல்லது கடிதம் மூலம் சொல்லி, ஒரு மாசம் டைம் தர வேண்டும். அபராதமும் குறையும் தொகைக்கு ஏற்பத்தான். அதன் மேல் 18% ஜிஎஸ்டி வேறு.

மைனஸைப் பார்த்ததும் பணம் போட்டு அடைக்க அவசரப்படாதீங்க. ஸ்டேட்மென்ட் எடுத்து, எதற்காகப் பிடித்தார்கள் என்று பாருங்க. செக் பவுன்ஸ், இஎம்ஐ பவுன்ஸ் கட்டணமென்றால் அது வேறு கணக்கு. மினிமம் பேலன்ஸ்தான் காரணமென்றால் வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்க. 30 நாளில் பதில் இல்லையா? ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். உதவி எண் 14448.

பேலன்ஸ் வைக்கவே முடியாதவர்கள், அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி கேட்கலாம். அதில் மினிமம் பேலன்ஸே கிடையாது. எஸ்பிஐ 2020 மார்ச்சிலேயே எல்லா சேமிப்புக் கணக்குகளுக்கும் இந்த நிபந்தனையை நீக்கிவிட்டது.