அரியர் வைத்த தொடர்

இரண்டாம் செமஸ்டர் கால்குலஸில் நான் அரியர் வைத்ததை நண்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்றில் மூன்றிலொன்றைக் கழி, ஐந்திலொன்றைக் கூட்டு, ஏழிலொன்றைக் கழி. இப்படியே போனால் 'பை'யில் கால்பங்கு வரும் என்று உருப்போட்டேன். ஏன் வரும் என்று கேட்கவில்லை.

பாடப்புத்தகம் அதை லைப்னிட்ஸ் தொடர் என்றது. அவர் கண்டது 1670களில். கேரளத்திலோ அதை 14ஆம் நூற்றாண்டு மாதவனின் தொடர் என்பார்கள். அதன் நிரூபணத்தை ஜேஷ்டதேவர் சுமார் 1530இல் 'யுக்திபாஷா'வில், சமஸ்கிருதத்தில் அல்ல, பேசுகிற மலையாளத்தில் எழுதிவைத்தார். ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். சதுரத்தின் பக்கத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, அதற்கு நேரான வில்துண்டுகளைக் கூட்டுகிறார். அட, இதைத்தானே இன்டக்ரேஷன்னு நடத்தினாங்க!

இப்போது பேரனிடம் சொல்வது ஒன்றுதான்: உருப்போடாதே, ஏன்னு கேளுடா.