மாதவிடாய் உள்ளாடை (துவைத்துப் பயன்படுத்துவது)

தனியாக நாப்கின் வைக்காமலேயே உதிரத்தை உறிஞ்சும்படி தைக்கப்பட்ட உள்ளாடை. உடலை ஒட்டிப் பருத்தி, நடுவில் உறிஞ்சும் துணி அடுக்குகள், வெளியே பாலியூரித்தேன் பூசிய கசியாத துணி. தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய உறவு துணி நாப்கின். ஆரோவில்லில் 2010இல் தொடங்கிய ஈகோ ஃபெம், சுற்றுவட்டாரப் பெண்களைக் கொண்டு அவற்றைத் தைத்து விற்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி போன்ற பட்டு நெசவு ஊர்களில் மாதவிடாய் உள்ளாடையின் அருமை எளிதில் புரியும். தறிக்குழியில் கால் வைத்து மணிக்கணக்கில் உட்கார்ந்து நெய்யும் பெண்ணுக்கு விலகாத, உரசாத உள்ளாடை பெரிய நிம்மதி. பட்டில் கறை படுமோ என்ற பயமும் குறையும்.

வாங்கும்போது இடுப்பளவும் தொடையளவும் பார்க்க வேண்டும், தளர்ந்தால் கசியும். உதிரப்போக்கு அதிகமான நாட்களுக்குத் தடித்த வகையே சரி. கழற்றியதும் பச்சைத் தண்ணீரில், சிவப்பு நீங்கும்வரை அலச வேண்டும். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். துவைக்கும்போது சேர்க்கும் கம்ஃபர்ட் போன்ற துணி மென்மையாக்கும் திரவங்கள் உறிஞ்சும் திறனைக் கெடுக்கும். அலசிய பிறகு சோப்பு மட்டும் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் முழுக்கக் காயவைக்க வேண்டும். மறைவாகக் கட்டிலடியில் உலர்த்தும் பழக்கத்தைக் கட்டாயம் விட வேண்டும். ஈரம் தங்கினால் கிருமி வளரும். மழைக்காலத்துக்குக் கூடுதலாக இரண்டு வைத்திருப்பது நல்லது.

மணிக்கு ஒருமுறை மாற்றும் அளவுக்கு உதிரம் போனால், உள்ளாடையை மாற்றிப் பயனில்லை; மருத்துவரைப் பார்க்க வேண்டும்.