பம்பாய் தந்த அபயம்

1933-இல் ஜெர்மனியின் ஆட்சி ஹிட்லர் கைக்குப் போனதும், உத்தியோகமும் உடைமையும் இழந்து திக்கற்றுத் திரிந்த யூதர்களுள் சிலர் கப்பலேறிப் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்க, அவர்களை ஆதரிப்பதற்கென்றே இந்நகரத்து யூதர்கள் 1934-இல் ஒரு நிவாரண சங்கத்தை நிறுவினர். சயானிலும் மாட்டுங்காவிலும் தமிழ்க் குடும்பங்கள் குடியேறி வேரூன்றிக் கொண்டிருந்த அதே காலத்தில் இந்நகரில் நடந்த இந்த உபகாரத்தை நம்மவர் அதிகம் அறியாதது வருந்தத்தக்கது.

அந்நாளில் ஓர் அகதியின் உயிர் பெரும்பாலும் ஒரு காகிதத்தில் இருந்தது. வருகிறவர் சர்க்காருக்குப் பாரமாகமாட்டார், அவருடைய ஜீவனத்துக்கு நாங்கள் பொறுப்பு என்று யாரேனும் உத்தரவாதம் அளித்தாலன்றி ஆங்கில அரசாங்கம் அனுமதி தரத் தயங்கிற்று. அந்த உத்தரவாதத்தை முன்பின் அறியாத மனிதர்களுக்காகச் சங்கம் அளித்தது. 1938-இல் ஐரோப்பா சென்று திரும்பிய ஜவாஹர்லால் நேருவும் யூத நிபுணர்களுக்கு இந்தியாவில் இடமளிக்க வேண்டுமென்று வாதாடினார். ஆயினும் கதவு முழுவதும் திறக்கவில்லை. 1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டபோது, ஹிட்லருக்கு அஞ்சி ஓடிவந்தவர்களையே பகைநாட்டுப் பிரஜைகள் என்று பிடித்து அஹமத்நகர் முகாமில் அடைத்தார்கள். விசாரணைக்குப் பின் பலர் விடுதலை பெற்றனர் என்றாலும், அது நிராதரவானவர்க்கு இழைத்த அநீதியே என்பதில் எனக்கு ஐயமில்லை.

உத்தரவாதத்துக்கு அடுத்தபடியாக அவர்களைக் காத்தது வேலை. வியன்னாவை நாஜிகள் கைக்கொண்டபின், யூத மனைவி கேத்தேயுடன் வெளியேறிய ஓவியர் வால்ட்டர் லாங்ஹாமருக்கு டைம்ஸ் ஆஃப் இந்தியா பத்திரிகையில் பணி கிடைத்தது. அவர் ஊக்குவித்த இளைஞர்களுள் பின்னாளில் உலகப்புகழ் எய்திய ஓவியர் ரஸாவும் ஒருவர். கார்ல்ஸ்பாடில் பிறந்து பெர்லினில் சங்கீதம் பயின்ற யூதரான வால்ட்டர் காஃப்மன், 1934-இல் பம்பாய்க்கு வந்து, வயலின் வித்வான் மெஹ்லி மேத்தா முதலியோருடன் சேர்ந்து ஓர் இசைச் சங்கம் அமைத்து, பிறகு பம்பாய் வானொலியில் ஐரோப்பிய சங்கீதப் பிரிவுக்குத் தலைவரானார். தம்புராவின் சுருதிமீது வயலின் எழும்பி வரும், சிவரஞ்சனியின் சாயல் கொண்ட அந்த ஆகாசவாணித் தொடக்க இசை அவர் அமைத்ததே. சயானின் ஒற்றை அறைக் குடித்தனங்களிலும் தஞ்சாவூர்த் திண்ணைகளிலும் எத்தனையோ தமிழர்களின் காலைப்பொழுது அந்த இசையோடு விடிந்திருக்கிறது. அதை இயற்றியவர் ஓர் அகதி என்பதை அறிந்தவர் அவர்களுள் மிகச் சிலரே.

காஃப்மன் 1946-இல் பம்பாயை விட்டுப் புறப்பட்டு, கனடாவிலும் பின்னர் அமெரிக்காவிலும் வாழ்ந்து, இந்திய ராகங்களைப் பற்றி நூல்கள் எழுதி, 1984-இல் காலமானார். இனி அந்த இசை காதில் விழும்போது, வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அவர் பெயரையும், அவரைப் போன்றோருக்காக உத்தரவாதம் அளித்த சங்கத்தின் கதையையும் சொல்லுங்கள்.