தன்னைப் புகழும் உரிமை: ஒரு மலேசியத் தமிழ் ராப் தொகுப்பு பற்றிச் சில குறிப்புகள்

2007 வாக்கில் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்புகிற மினிபஸ்களில் ஒரு பாட்டு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. இளையராஜாவின் ‘மடை திறந்து’தான். ஆனால் நடுநடுவே யாரோ மூச்சுவிடாமல் தமிழில் பேசிக்கொண்டே போனார்கள். “நல்ல பாட்டைக் கெடுத்து வச்சிருக்கானுவளே” என்றார் பக்கத்து சீட்டுப் பெரியவர். பள்ளிக்கூடத்துப் பையனான எனக்கோ இறங்குமிடம் வந்தும் இறங்க மனசில்லை.

அந்தத் தொகுப்பின் பெயர் ‘வல்லவன்’. யோகி பியும் ‘நட்சத்ரா’வின் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரும் சேர்ந்து 2006இல் மலேசியாவில் வெளியிட்டது. பெயரிலேயே தற்பெருமை. இதைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் முற்போக்கு நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள்: வெறும் சொல் விளையாட்டு, அமெரிக்கச் சரக்கு, அரசியல் எங்கே? பண்டிதர்களுக்கோ அவையடக்கம் இல்லாதவன் புலவனே இல்லை. இரண்டு தரப்பும் நன்னூலைப் பாதியில் மூடி வைத்துவிட்டன என்பது என் கட்சி.

எவ்வளவு பெரிய நூல் செய்தாலும் புலவன் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று பாயிரத்தில் சொல்லும் பவணந்தி, அடுத்த சூத்திரத்திலேயே நான்கு விலக்குகள் தருகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் தெரியாதவர்கள் நடுவில் நிற்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது. எம்.ஏ. வகுப்பில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த சூத்திரம் இது. ராப் என்கிற வடிவத்தின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது என்று பிற்பாடுதான் உறைத்தது. 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றிய நாட்களிலிருந்தே, மைக்கைப் பிடித்தவர்கள் முக்கால்வாசி நின்றது இரண்டாவது, நான்காவது சந்தர்ப்பங்களில்தான்.

மலேசியத் தமிழர் நின்ற இடமும் அதுதான். ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். இங்கிருந்து ஆள் கட்டி அனுப்புவது 1938இல் தடுக்கப்பட்டது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் கைமாறியபோது லயன் வீடுகளும் போயின. குடும்பங்கள் நகரத்து ஓரங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் ஒதுங்கின. ‘கெலிங்’ என்கிற வசைச்சொல் அங்கே இன்றும் காதில் விழக்கூடியதுதான். அரசுத் தமிழ்ப்பள்ளிகள் ஐந்நூறுக்கு மேல் உண்டு, ஆனால் எல்லாம் ஆரம்பப் பள்ளிகள். ஆறு வருஷம் தமிழ், அப்புறம் மலாய். ஆறாம் வகுப்போடு நின்ற அந்தத் தமிழ் தெருவில் மேற்கொண்டு படித்து வந்து பாடிய பாட்டு என்றுதான் நான் ‘வல்லவ’னைக் கேட்கிறேன். பிழையில்லாத தமிழை அதில் தேடுகிறவர்கள் வேறு வேலை பார்க்கலாம்.

யோகி பி இதற்கு முன் ‘பொயட்டிக் அம்மோ’ குழுவில் இருந்தவர். நான்கு பேர், 1998இல் வந்த அவர்களது தொகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீஸ் என்று நான்கு மொழிகள். உயிரோடிருக்க இன்று நல்ல நாள் என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத் தலைப்பு. ஆசிய நிதி நெருக்கடியில் மலேசியா தத்தளித்த வருஷம் அது! இந்தக் குறும்பு அற்பமானதல்ல. 1989இல் அமெரிக்காவில் ‘டி லா சோல்’ குழுவின் மூன்று இளைஞர்கள் பூப்போட்ட அட்டையும் வினாடிவினா வேடிக்கையுமாக ஒரு தொகுப்பு கொண்டுவந்தார்கள். கறுப்பர் என்றால் கோபப்பட மட்டுமே தெரியும் என்கிற எதிர்பார்ப்பின் மேல் விழுந்த அடி அது. ஆனால் ‘பூப்பிள்ளைகள்’ என்ற முத்திரை ஒட்டிக்கொண்டது. அடுத்த தொகுப்பின் (1991) அட்டையில் பூந்தொட்டி கவிழ்ந்து உடைந்து கிடந்தது. விளிம்பில் இருப்பவன் விளையாடினாலும் மையம் அதை உடனே ஒரு பண்டமாக்கிவிடும்.

நம்மூரில் அந்த வேலையைச் செய்தது சினிமா. 2007இல் ‘பொல்லாதவன்’, 2011இல் ‘ஆடுகளம்’ என்று யோகி பியின் குரல் வந்தது. குரல் வந்தது, கூடவே இருந்த தோட்டம் வரவில்லை. இங்கே கேட்டவர்களுக்கு அது கதாநாயகனுக்கான காரம்.

‘மடை திறந்து’ தேர்வைக்கூட நாம் யோசிக்கவில்லை. 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் அது ஓர் இளம் இசைக்கலைஞன் தன் வெற்றியைக் கனவு காணும் பாட்டு. யாருக்கும் தெரியாத ஒருவன் தன்னையே புகழ்ந்துகொள்கிறான். அதாவது நன்னூலின் இரண்டாம் விலக்கு. பெரியவர் சொன்னபடி அவர்கள் பாட்டைக் கெடுக்கவில்லை, சரியாகப் படித்திருக்கிறார்கள்.

‘அமெரிக்கச் சரக்கு’ என்பவர்கள் ஒருமுறை சென்னிகுளம் போய்வரட்டும். எங்கள் ஊருக்குப் பக்கம்தான். கழுகுமலை முருகன்மேல் காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரின் ஊர். ஊற்றுமலை ஜமீனின் ஆதரவில் இருந்து, 1891இல், முப்பது வயதைத் தாண்டும் முன்னரே இறந்துபோனார். காவடி தூக்கி நடக்கிற காலுக்காகக் கட்டிய சந்தம், இயைபுக்குள் இயைபு, நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அர்த்தம் சந்தத்தின் முதுகில் ஏறித்தான் வருகிறது. ராப்பும் அப்படித்தான். ஒன்று மற்றொன்றின் தகப்பன் என்று சொல்லும் தமிழ்ப் பெருமித வியாபாரம் எனக்கு வேண்டாம்.

இவ்வளவு பரிந்து பேசியபின் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. ‘வல்லவன்’ என்பதில் உள்ள ‘அன்’ சும்மா வந்த விகுதியில்லை. பாடுகிற மூவரும் ஆண்கள், சவால் விடுவதும் ஆண்களை நோக்கித்தான். லயன் வீட்டில் பால்மரம் சீவிய பெண்ணின் தற்பெருமைக்கு இந்த அவையில் இடமில்லை. நன்னூலாரும் அவளை நினைத்து நான்கு விலக்கு தரவில்லைதான்.

தொகுப்பு வந்த அடுத்த வருஷம், 2007 நவம்பர் 25 அன்று, ஹிண்ட்ராஃப் அழைப்பில் பல்லாயிரம் தமிழர்கள் கோலாலம்பூர் தெருவில் இறங்கினார்கள். கண்ணீர்ப்புகை, தண்ணீர்ப் பீரங்கி. பாட்டு ஆட்களைக் கூட்டியது என்று நான் சொல்லவரவில்லை. பிரிட்டிஷ் மகாராணிக்கு மனு கொடுக்கப் போன கூட்டம் அது. அரசவைக்கு ஓலை, முதல் விலக்கு.